லைனில் டேப்லெட் மாட்டியபிறகு யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

பல்லடம் ரோடு:

வணக்கம்ங்க. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் லைன் இன்சார்ஜாக இருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வந்த கையோடு, தையல் லைனில் மிஷினுக்கு ஒரு டேப்லெட் மாட்டினார்கள். பண்டல், அதாவது வெட்டிய துணிக் கட்டு, கைக்கு வந்ததும் அதன் டிக்கெட்டை ஸ்கேன் செய்ய வேண்டும், முடித்துத் தள்ளும்போது மறுபடி ஸ்கேன். மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு. சரியாகப் போனால் பச்சை, கொஞ்சம் பின்தங்கினால் மஞ்சள், அதற்கும் கீழே போனால் சிவப்பு. அதே நிறம் லைன் முனையில் தொங்கும் டிவியிலும் தெரியும், முதலாளி செல்போனிலும் தெரியும்.

உற்பத்தி கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் காலையில் மிஷின் காலடியில் வைக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போகிறது. பாத்ரூம் போனால் நிறம் மாறிவிடும் என்று தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். போகாதே என்று யாரும் சொல்லவில்லைங்க. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

போன வாரம் ஓவர்லாக் தையல் மிஷினில் ஒரு அக்காவுக்கு ஊசி நகத்தோடு விரலில் இறங்கிவிட்டது. ஊசியை எடுத்ததும் கட்டிங் வேஸ்ட் துணியை விரலில் சுற்றிக்கொண்டு அடுத்த பண்டலை ஸ்கேன் செய்தார்கள். முதலுதவிக்கு வாங்கக்கா என்று கூப்பிட்டேன். "இந்த மணி முடியட்டும் தம்பி" என்றார்கள். உடைந்த ஊசி ரிஜிஸ்டரில் அந்த ஊசி பதிவாகிவிட்டது, துண்டு துணியில் இருந்தால் பையர் (சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி) விடமாட்டார் என்பதால். விபத்து ரிஜிஸ்டரில் அந்த அக்கா பதிவாகவில்லை.

மேனேஜ்மெண்ட்டிடம் பேச நினைக்கிறேன். சண்டையாகப் போகாமல், அவர்கள் கணக்கிலேயே எப்படிச் சொல்வது? உங்கள் இடங்களில் என்ன நடக்கிறது, சொல்லுங்க.

அவிநாசி யூனிட்:

தம்பி, நான் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறேன். நானும் டேப்லெட் போட்டவன்தான், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பையர் விலையைக் கூட்டுவதில்லை. நூல் விலை ஏறும் இறங்கும், டாலர் ஏறும் இறங்கும். ஷிப்மெண்ட் ஒரு வாரம் தள்ளினால் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், அந்தச் செலவு நம் தலையில். லைனில் எங்கே தேங்குகிறது என்று தெரியாமல் இருந்தால் கடைசி நான்கு நாள் விடிய விடிய ஓட்ட வேண்டும். அந்த விடியற்காலை ஷிப்ட் ஆட்களுக்கு நல்லதா? டேப்லெட் வந்தபிறகு எங்கள் யூனிட்டில் அது குறைந்திருக்கிறது. கருவியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

பேட்லாக் அம்மணி:

நான் டைலருங்க. அவிநாசி அண்ணா சொல்வதில் பாதி சரி.

முன்பெல்லாம் பீஸ் கணக்கை நோட்டில் எழுதி வைப்போம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கம்பெனி நோட்டில் வேறு கணக்கு இருக்கும். வாய்ச்சண்டை போட்டுத்தான் நம் காசை வாங்க வேண்டும். புதிதாக வந்த ஒடிசாப் பிள்ளைகளுக்குப் பேச வராது, அவர்கள் காசு போனது போனதுதான். இப்போது நான் தைத்தது என் கணக்கில் நிற்கிறது. இதை யாராவது எடுத்துவிட வேண்டும் என்றால் நானே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு பாதியைக் கேளுங்கள். எனக்கு முன்னால் தோள் ஜாயிண்ட் போடுகிற பிள்ளையின் மிஷின் நின்றால் எனக்கு பண்டல் வராது. மெக்கானிக் வரக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பேன், என் டேப்லெட் சிவப்பாகும். கரண்ட் போனாலும் சிவப்பு, லேபிள் வரவில்லை என்றாலும் சிவப்பு. டிவியில் என் பேருக்கு நேராகச் சிவப்பு எரியும்போது லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எதற்காக நின்றேன் என்று சொல்ல அதில் இடமே இல்லை. வீட்டுக்குப் போயும் அந்த நிறம்தான் கண்ணில் நிற்கிறது, பெரிய வெசனமாக இருக்கிறதுங்க. ஒன்றரை ஷிப்ட் பார்த்த காலத்தில் உடம்பு வலிக்கும், படுத்தால் தூக்கம் வந்துவிடும். இப்போது ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை.

சங்கு சத்தம்:

பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் சைடராக, அதாவது நூற்பு மிஷினின் ஒரு பக்கத்து (சைடு) ஸ்பிண்டில்களில் அறுந்த நூலை முடிகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். நம் ஊரில் வேலையைக் கடிகாரம் வைத்து அளப்பது புதிதல்ல. மில் சங்கு ஊதினால் ஊரே எழுந்த காலம் ஒன்று இருந்தது. ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் பின்னால் நிற்பார், ஒரு ஆளுக்கு எத்தனை சைடு என்று கணக்குப் போடுவார். அதை எதிர்த்து எத்தனையோ வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஆள் சாயங்காலம் போய்விடுவார். உங்கள் டேப்லெட் போவதில்லை. அதுதான் வித்தியாசம் என்று படுகிறது.

பஞ்சுத்தூசி பற்றிச் சொல்கிறேன், இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சை உதறிச் சிக்கெடுக்கிற ப்ளோ ரூம், கார்டிங் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வார விடுமுறை முடிந்து வருகிற முதல் நாள் நெஞ்சு அடைக்கும். அடுத்தடுத்த நாளில் சரியாகிவிடும். அதனால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். வருஷக்கணக்கில் போனால் எல்லா நாளும் அடைக்கத் தொடங்கும், அப்புறம் நுரையீரல் திரும்பாது. பிசினோசிஸ் என்று அதற்குப் பேர். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் அது இருந்தது. இரைச்சலால் காது கேட்காமல் போவதும் அதே பட்டியலில் இருந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களில் இருமாத ஆள் குறைவு. ஆனால் மில் டாக்டர் சீட்டில் ஆஸ்துமா, சளி, பீடி என்றுதான் எழுதியிருக்கும்.

இப்போது என் மருமகள் போகிற மில்லில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சென்சார் வைத்திருக்கிறார்கள். எங்கே நூல் அறுந்தாலும் அங்கே விளக்கு எரிகிறது. நாங்கள் நடந்த நடையை அவர்கள் நடக்க வேண்டியதில்லை, நல்ல விஷயம். ஆனால் நடை குறைந்ததும் ஆளுக்குச் சைடு கூட்டிவிட்டார்கள். நூல் அறுந்தால் நொடியில் தெரிந்துகொள்கிற மில்லுக்கு, அதே கூடத்தில் தூசி எவ்வளவு பறக்கிறது என்று அளக்க ஒரு சென்சார் வைக்கத் தோன்றவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

கணபதி லேத்:

ஐயா சொன்னது எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் பிரஸ் ஷாப்புகளில் ஒரு விரல் குறைந்தவரைப் பார்ப்பது அரிதல்ல. இப்போது பவர் பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன் வந்திருக்கிறது. கை உள்ளே போனால் ஒளிக்கற்றை தடைபட்டு பிரஸ் இறங்காது. டிஜிட்டல் ஆனதால் விரல் தப்பியது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

ஆனால் அதே பிரஸ்ஸில் ஸ்ட்ரோக் எண்ணும் கவுண்டரும் இருக்கிறது. லைட் கர்ட்டன் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கைக்குக் காசு என்றால் ஆள் என்ன செய்வார்? கர்ட்டனை பைபாஸ் செய்வார். சூப்பர்வைசருக்குத் தெரியும், பார்க்காத மாதிரி போவார். பாதுகாப்புக்கு ஒரு சென்சார், வேகத்துக்கு ஒரு கவுண்டர், இரண்டும் ஒரே மிஷினில் சண்டை போடுகின்றன. எதற்குச் சம்பளம் கட்டியிருக்கிறதோ அதுதான் ஜெயிக்கும்.

மருந்துச்சீட்டு:

ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் நர்ஸாக இருக்கிறேன். பல்லடம் ரோடு தம்பி எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

நீர்க்கடுப்பு என்று வரும் பெண்களில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் நிறைய. கேட்டால் காலையில் கிளம்பும்போது போனது, மதியச் சாப்பாட்டுக்குத்தான் அடுத்தது என்பார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்து, நீரை அடக்கி வைத்தால் தொற்று வரும். மறுபடி மறுபடி வந்தால் சிறுநீரகம் வரை போகும். கர்ப்பமாக இருந்தால் இன்னும் ஆபத்து. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே அயர்ன் டேபிள் பக்கம் நிற்கிறவர்களுக்கு மயக்கமும் சேர்ந்துகொள்ளும். மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம், அடுத்த மாதம் அதே சீட்டோடு வருகிறார்கள். மாத்திரை கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு டேப்லெட்டில் நிறத்தை மாற்ற என்னால் முடியாது.

பேட்லாக் அம்மணி, தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா, அது மனசு பலவீனம் இல்லை. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே இதை எழுதினார். வேலைப்பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. பளுவும் அதிகம், அதை எப்போது எப்படிச் செய்வது என்ற முடிவும் நம் கையில் இல்லை என்றால்தான் உடம்பும் மனசும் முறிகிறது. ஒன்றரை ஷிப்ட் காலத்தில் உங்களுக்குப் பளு அதிகம், ஆனால் நடுவில் ஐந்து நிமிடம் எழுந்து போவது உங்கள் இஷ்டம். இப்போது அந்த ஐந்து நிமிடம் பறிபோய்விட்டது.

அதற்காக நீண்ட நேர வேலை நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் சேர்ந்து 2021-ல் கணக்குச் சொன்னார்கள்.

தூக்கமின்மை, படபடப்பு, அழுகை என்று இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் டாக்டரிடமும் இதைச் சொல்லலாம், உடம்பு வலியை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை.

இரவுப்பணி:

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி. நாற்காலி, ஏ.சி., கேண்டீன் எல்லாம் உண்டு, அதனால் எங்களுக்கு என்ன கஷ்டம் என்று ஊரில் கேட்பார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர், சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கிறது. கீபோர்டு தட்டாமல் இருந்தால் சும்மா இருந்த நேரம் என்று எழுதிக்கொள்கிறது. யோசிப்பதும் எங்கள் வேலைதான், ஆனால் யோசித்தால் சும்மா இருந்ததாகக் கணக்கு. அதனால் யோசிக்கும்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறோம். பகலில் தூங்கப் போனால் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் கூப்பிடுவார்.

பேட்லாக் அக்கா சொன்ன சிவப்பு எங்களுக்கும் உண்டு, சாம்பல் நிறத்தில். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால், வேலை சார்ந்த தேவை என்றால் தனியாக ஒப்புதல் வாங்காமலே நிறுவனம் தரவைப் பயன்படுத்த அதில் இடம் இருக்கிறது. வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லிருந்து சட்டமாக வைத்திருக்கிறது. இங்கே அப்படி ஒன்று வரவில்லை.

சங்ககிரி லாரி:

டிரைவருக்கும் இதே கதைதான். ஜி.பி.எஸ்.ஸில் வண்டி நின்றால் உடனே போன் வரும், ஏன் நிற்கிறாய் என்று. கண் சொருகினால் ஓரம் கட்டித் தூங்குவதுதான் பாதுகாப்பு. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அதே ஜி.பி.எஸ். நினைத்தால் 5 மணி ஆகிவிட்டது, நிறுத்து என்று சொல்ல முடியும். யாரும் அதை அப்படி செட் பண்ணி வைப்பதில்லை.

ஸ்டாப்வாட்ச்:

நான் பனியன் கம்பெனிகளில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் வேலை பார்க்கிறேன். டேப்லெட்டில் ஏறும் இலக்கைப் போடுவது என்னைப் போன்றவர்கள்தான். பல்லடம் ரோடு கேட்ட கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வேலைக்கு இத்தனை நிமிடம் என்பதைச் சாம் (SAM) என்போம். அந்தக் கணக்குப் போடும்போது, கை ஓடும் நேரத்தை மட்டும் எடுப்பதில்லை. மனுஷன் தண்ணீர் குடிப்பான், பாத்ரூம் போவான், களைத்துப் போவான் என்று அதற்கு மேல் ஒரு சதவீதம் கூட்ட வேண்டும். அலவன்ஸ் என்போம். ஐ.எல்.ஓ. அட்டவணையில் சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கு 7 சதவீதம், அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4 சதவீதம். ஆக ஒரு பெண்ணுக்குக் குறைந்தது 11 சதவீதம். 8 மணி நேர ஷிப்டில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் வரும். நின்றுகொண்டே வேலை, வெக்கை, இரைச்சல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்றால் அதற்கு மேலும் கூட்ட வேண்டும்.

அதாவது தண்ணீர் குடிக்கும் நேரம் முதலாளி போடுகிற தர்மம் கிடையாது. கணக்கில் ஏற்கெனவே இருக்க வேண்டிய நேரம்.

எங்கே காணாமல் போகிறது என்றால் இரண்டு இடத்தில். ஒன்று, சாப்ட்வேரில் ஏற்றும்போது அலவன்ஸைக் கழித்துவிட்டு வெறும் கை ஓடும் நேரத்தை ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று, அலவன்ஸ் இருக்கும், ஆனால் இலக்கை மணிக்கு மணி பார்ப்பார்கள். ஒரு பெண் 10 முதல் 11 வரை எட்டு நிமிடம் எழுந்து போனால் அந்த ஒரு மணி நேரம் சிவப்பாகும், நாள் முழுக்கப் பார்த்தால் அவள் இலக்கைத் தொட்டிருப்பாள். நிறத்தை மணிக்கணக்கில் காட்டாமல் அரைநாள் சராசரியில் காட்டினாலே பயம் பாதி போய்விடும்.

தம்பி, முதலில் உங்கள் கம்பெனியில் அலவன்ஸ் எத்தனை சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

அவிநாசி யூனிட்:

ஸ்டாப்வாட்ச் சார் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். சாப்ட்வேர்காரர்கள் போட்டுக் கொடுத்தது அப்படியே இருக்கிறது. அலவன்ஸ் என்ற கட்டத்தில் பூஜ்யம். நாளைக்கு அவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

மஞ்சள் ஹெல்மெட்:

பாதுகாப்பு அதிகாரியாக பெருந்துறைப் பக்கம் வேலை. சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 நவம்பர் 21-லிருந்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன, பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020 பணிப்பாதுகாப்புத் தொகுப்பு. வாரம் 48 மணி நேரம், மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்பதெல்லாம் மாறவில்லை. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு. சங்கு சத்தம் ஐயா சொன்ன பஞ்சுத்தூசி, காது இரண்டையும் அதில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வெறும் சுகர், பிரஷர் பார்த்து அனுப்ப விடாதீர்கள்.

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் நிறைவேற்றியதும், எதிர்ப்பு வந்து மே தினத்தன்று திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். நேரத்தைக் கூட்ட வந்தால் எல்லோருக்கும் தெரிகிறது, சங்கம் வருகிறது, பேப்பரில் வருகிறது. அதே 8 மணி நேரத்துக்குள் மூச்சுவிடும் இடைவெளிகளை ஒவ்வொன்றாக எடுத்தால் யாருக்கும் தெரிவதில்லை. அதனால் இதை ஒரு ஆபத்தாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் யூனிட்டில் ஆபத்து மதிப்பீட்டுத் தாளில் பாய்லர், கெமிக்கல், மின்சாரம் என்று வரிசையாக இருந்தது. வேகம், கண்காணிப்பு, தனிப்பெயரைத் திரையில் காட்டுவது என்று மூன்று வரி சேர்க்க வைத்தேன். தாளில் ஏறிவிட்டால் ஆடிட் வருகிறவர் கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். பையருக்குப் பயப்படுகிற கம்பெனியிடம் பையர் தாளை வைத்தே பேசுங்கள்.

ஊசி குத்திய அக்காவை விபத்து ரிஜிஸ்டரில் இன்றைக்காவது ஏற்றுங்கள் தம்பி. விரலில் சீழ் பிடித்தால் ஈ.எஸ்.ஐ.யில் வேலைக் காயம் என்று காட்ட அந்த ஒரு வரிதான் வேண்டும். டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போட்டார்களா என்றும் கேளுங்கள்.

பல்லடம் ரோடு:

எல்லோருக்கும் நன்றிங்க. அந்த அக்காவை ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டேன், டி.டி.யும் போட்டாயிற்று. திங்கட்கிழமை மீட்டிங்கில் நான்கு விஷயம் கேட்கப் போகிறேன். அலவன்ஸ் எத்தனை சதவீதம் ஏற்றியிருக்கிறது என்பது, நிறத்தை அரைநாள் சராசரியில் காட்டுவது, டிவியில் தனிப்பெயரை எடுத்துவிட்டு லைன் கணக்கை மட்டும் போடுவது, அப்புறம் பேட்லாக் அக்கா சொன்னபடி டேப்லெட்டில் "நின்ற காரணம்" என்று ஒரு பட்டன்.

பேட்லாக் அம்மணி:

பட்டனில் தமிழ் மட்டும் போட்டுவிடாதே தம்பி, ஒடியாவிலும் இந்தியிலும் போடச் சொல். எங்கள் லைனில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகள்தான், யாரும் படிக்காத பட்டனை யாரும் அமுக்கமாட்டார்கள். எழுத்து வேண்டாம், மிஷின் படம், பல்பு படம், தண்ணீர்க் குழாய் படம் என்று போட்டாலும் சரிதான். அமுக்கியதற்காகச் சூப்பர்வைசர் திட்டக்கூடாது என்பதையும் மீட்டிங்கிலேயே பேசி முடித்துவிடு.

அவிநாசி யூனிட்:

ஸ்டாப்வாட்ச் சார், ஒரு சந்தேகம். 11 சதவீதம் ஏற்றினால் மணி இலக்கு குறையுமே, பீஸ் ரேட் ஆட்களுக்கு அதனால் சம்பளம் குறையுமா?

ஸ்டாப்வாட்ச்:

குறையக்கூடாதுங்க. சாம் கூடினால் ஒரு பீஸுக்கான நிமிடம் கூடுகிறது, ரேட்டை நிமிடத்தோடு கட்டியிருந்தால் ரேட்டும் அதே அளவு கூட வேண்டும். இலக்கை மட்டும் மாற்றி ரேட்டை அப்படியே விட்டால் ஆட்கள் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குத் தங்கள் பையிலிருந்து காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும், ஒரே வாரத்தில் பழையபடி ஓட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டையும் ஒட்டுக்கா மாற்றுங்கள். உங்கள் ஸ்டைல் ஷீட்டை அனுப்புங்கள், புது ரேட்டை நான் போட்டுத் தருகிறேன்.